தீவு வெயிலுக்கு நான் பொறுப்பு

தீவுப் பயணம் விற்கிற கடைக்கு வருகிறவர்கள் எல்லாரும் வெயிலைத்தான் கேட்டு வருகிறார்கள். அந்த ஒரு சரக்குதான் எங்களிடம் இல்லை.

கடை பிரிக்பீல்ட்ஸில், ஒரு சேலைக் கடைக்கு மேல்மாடியில். நானும், முதலாளியும், எப்போதும் சொட்டிக்கொண்டிருக்கும் ஒரு ஏர்கோனும். சுவரில் நாட்டின் பெரிய வரைபடம். கிழக்குக் கரையில் ரெடாங், பெர்ஹெந்தியான், தியோமான். மேற்குக் கரையில் லங்காவி, பங்கோர். வருடக் கடைசியில் பருவமழை வந்தால் கிழக்குத் தீவுகளைப் பூட்டிவிடுவார்கள். வருட நடுவில் அங்கே நல்ல வெயில், ஆனால் மேற்கே சொல்ல முடியாது. இவ்வளவுதான் விஷயம். இதைச் சொல்லிச் சொல்லியே என் தொண்டை வறண்டுவிட்டது.

உங்களில் கவுன்டருக்குப் பின்னால் உட்கார்ந்து பிழைக்கிறவர்களுக்கு நான் சொல்லப்போவது புரியும். நம் கையில் இல்லாத ஒன்றுக்கு நம் முகத்தைப் பார்த்துத்தான் திட்டுவார்கள். கிள்ளானிலிருந்து கொமுட்டர் ரயிலில் வரும்போதே ஜன்னல் வழியாக வானத்தைப் பார்க்கிற பழக்கம் எனக்கு வந்துவிட்டது. கறுத்திருந்தால் அன்றைக்கு எத்தனை போன் வரும் என்று மனது கணக்குப் போடும். வாடிக்கையாளர்கள் எனக்கு வைத்திருக்கும் பெயர் மழை அக்கா.

ஐயர் குறித்த நாள்

கிள்ளானிலிருந்து ஒரு அம்மா வந்தார். புதிதாகக் கல்யாணமான மகனையும் மருமகளையும் ரெடாங் தீவுக்கு அனுப்ப வேண்டும். புறப்படும் நாள், வீட்டைவிட்டு இறங்கும் நேரம், முதலில் எந்தத் திசையில் போக வேண்டும் என்பதுவரை கோயில் ஐயரிடம் கேட்டு முடித்துவிட்டுத்தான் வந்திருந்தார். நாள் நவம்பர் கடைசியில் விழுந்திருந்தது. நம் ஆட்கள் ராகுகாலம், அஷ்டமி, நவமி எல்லாவற்றுக்கும் தப்பித்து ஒரு நாளைத் தேடிப் பிடிப்பார்கள். அந்த நாளில் அந்தக் கடலில் படகு ஓடுமா என்று மட்டும் கேட்க மாட்டார்கள்.

அந்த நேரத்தில் ரெடாங்கில் ஹோட்டலே திறந்திருக்காது, லங்காவிக்கு மாற்றிக்கொள்ளலாம் என்றேன். அவர் சுவரில் இருந்த படத்தை நிதானமாகப் பார்த்துவிட்டு, லங்காவி மேற்கே இருக்கிறது, ஐயர் கிழக்கே அல்லவா போகச் சொல்லியிருக்கிறார் என்றார். கம்ப்யூட்டரைத் திருப்பிப் போன வருடத்து நவம்பர் மழையைக் காட்டினேன். திரை முழுக்கச் சிவப்பு. அவருக்கு என்மேல் இரக்கம் வந்துவிட்டது. என் கையைத் தட்டிக்கொடுத்துச் சொன்னார்:

"ஐயர் குறிச்ச நாள்ல மழை பேயாதும்மா. நீ இன்னொரு தடவை தட்டிப் பாரு."

லோரி நின்ற இடம்

அதே நவம்பரில், தீபாவளி முடிந்த கையோடு, சுப்பையா அண்ணன் வந்தார். மனைவி இந்திரா அக்கா அவருடைய முழங்கையைப் பிடித்து மாடிப்படி ஏற்றிக்கொண்டு வந்தார். அண்ணன் லோரி ஓட்டி ஓய்வு பெற்றவர். திரெங்கானுவில் இருக்கும் கோலா பெசுட் படகுத்துறைக்கு, நாங்கள் ஜெட்டி என்போம், வருடக்கணக்காகச் சாமான் ஏற்றிப் போனவர். பெர்ஹெந்தியான் தீவில் தங்குமிடங்கள் கட்டினார்களே, அதற்கான கூரைத் தகடு, மெத்தை, தண்ணீர்த் தொட்டி எல்லாம் அவர் லோரியில் போய், ஜெட்டியில் படகுக்கு மாறி, தீவுக்குப் போகும். லோரி கரையோடு நின்றுவிடும். இறக்கிய உடனே அடுத்த லோடுக்குத் திரும்ப வேண்டும் என்பதால் அவர் ஒரு தடவைகூடப் படகில் ஏறியதில்லை.

இப்போது இனிப்புநீர் வியாதி கண்ணுக்கு வந்துவிட்டது. ஒரு கண் ஏற்கெனவே போய்விட்டது. இன்னொன்றுக்குள் ரத்தம் கசிகிறது. காப்பாற்றப் பார்க்கிறோம் என்று டாக்டர் சொன்னாராம், காப்பாற்றிவிடுவோம் என்று சொல்லவில்லையாம். அடுத்த வாரமே அந்தத் தீவுக்குப் போக முடியுமா என்று அண்ணன் கேட்டார்.

படகு நின்றுவிட்டது, இனி மார்ச்சில்தான் என்று நான் சொல்ல வேண்டியிருந்தது. லங்காவியில் இப்போது நல்ல வெயில், பங்கோர் இன்னும் பக்கம், கடல் எல்லாம் ஒன்றுதானே என்று தெரிந்ததை எல்லாம் சொல்லிப் பார்த்தேன். நான் முடித்ததும் அண்ணன் மெதுவாகச் சொன்னார்:

"கரையில நின்னு அந்தத் தீவை எத்தனையோ தடவை பாத்துட்டேன் தங்கச்சி. ஒரு தடவை அங்க நின்னு இந்தக் கரையப் பாக்கணும்."

குளுகுளு

ஒவ்வொரு வருடத் தொடக்கத்திலும் முதலாளி என்னை உட்கார வைத்து, வருட நடுவில் தீவுகளில் வானிலை எப்படி இருக்கும் என்று பேசிப் பதிவு பண்ணச் சொல்வார். அது வாட்ஸ்அப்பில் எல்லா வாடிக்கையாளருக்கும் போகும். அந்தத் தடவையும் வானிலை இலாகா வெளியிடுவதைப் படித்து, எனக்குப் புரிந்தவரை நேர்மையாக எழுதிப் பேசினேன். ஜூன், ஜூலையில் கிழக்குத் தீவுகளில் பெரும்பாலும் வெயில், சில மாலைகளில் இடிமழை. மேற்கே விடியற்காலையில் திடீர்க் காற்றும் மழையும் வரலாம். ஆகஸ்ட் வாக்கில் பக்கத்து நாட்டுக் காடு எரிந்தால் புகைமூட்டமும் வரலாம்.

முதலாளி துக்க வீட்டுச் செய்தி கேட்கிற முகத்தோடு கடைசிவரை கேட்டார். எல்லாம் சரிதான், ஆனால் இதைக் கேட்டால் நானே போக மாட்டேனே என்றார். வெயில் என்ற இடத்தில் குரல் உயரவில்லை, மழை என்ற இடத்தில் தெளிவாக இருக்கிறது, இது வியாபாரத்துக்கு ஆகாது என்றார். பிறகு திருத்தம் சொன்னார்:

"மழைன்னு சொல்லாதம்மா, குளுகுளுன்னு இருக்கும்னு சொல்லு. புகையத் தூக்கிடு லா."

காக் மினாவின் கொடி

எனக்கென்று ஒரு தனி வானிலை இலாகா உண்டு. அது பெர்ஹெந்தியானில் ஒரு தங்குமிடத்தில் துணி துவைக்கும் காக் மினா. மலாய்க்கார அக்கா. துவைத்த பெட்ஷீட்டை மரத்துக்கு மரம் கொடி கட்டிக் காயப்போட்டால் எனக்கு ஒரு படம் அனுப்புவார். படம் வந்தால் வெயில். வராவிட்டால் பெட்ஷீட் எல்லாம் சமையலறைக்குள் தொங்குகிறது என்று அர்த்தம். அவருக்கும் சில நாள் தவறும். காலையில் கொடி நிறைய வெள்ளையாகப் படம் வரும், மத்தியானம் அதே துணி சொட்டச் சொட்ட இன்னொரு படம் வரும், கீழே ஒரு அழுமூஞ்சி.

பருவமழை மாதங்களில் காக் மினாவும் கரைக்குத் திரும்பிவிடுவார். அந்த வருடம் சுப்பையா அண்ணனுக்காக நான் பிப்ரவரியிலேயே அவரைத் தொந்தரவு பண்ண ஆரம்பித்தேன். எப்போது தீவுக்குப் போவீர்கள், காற்று அடங்கிவிட்டதா, மார்ச் முதல் வாரம் தாங்குமா என்று தினமும் ஒரு கேள்வி. கடைசியில் அவருக்கே பொறுமை போய்விட்டது. மலாயில் அவர் அனுப்பிய பதில் இதுதான்:

"கொடி கட்டினா நானே சொல்வேன். கட்டலைன்னா கடலைப் போய்க் கேளு, என்னைக் கேக்காதே."

லண்டன் கோடை

இது அதற்கு முந்தைய வருடம் நடந்தது. கிள்ளானில் பிறந்து லண்டனில் குடியேறிவிட்ட ஒருவர், ஜூலையில் பிள்ளைகளோடு வருகிறேன், கோடைகாலத்துக்கு நல்ல தீவாகப் பார்த்துச் சொல்லுங்கள் என்று எழுதினார். இங்கே கோடை என்று தனியாக ஒன்றும் கிடையாது, வருடம் முழுக்க வேர்க்கும், அதற்குள் மழை எந்தப் பக்கம் என்பதுதான் கேள்வி என்று பதில் போட்டேன். கிழக்கே போங்கள் என்றும் சொன்னேன். அங்கே போக நேரம் அதிகம் பிடிக்கிறது, லங்காவிக்கு விமானம் இருக்கிறது என்று அவரே முடிவு பண்ணினார்.

திரும்பிப் போவதற்கு முன்னால் கடைக்கு வந்தார். போன அன்றே தொடங்கிய மழை அவர்கள் கிளம்புகிறவரை விடவில்லை. பிள்ளைகள் அறையில் உட்கார்ந்து போனைத் தேய்த்திருக்கிறார்கள். கோபப்பட்டுக் கத்தினால்கூடத் தேவலை என்று நினைத்தேன். அவர் சோர்ந்துபோன குரலில் சொன்னார்:

"இந்த மழைய நாங்க லண்டன்லயே சும்மா பாப்போமே சிஸ்டர்."

கடல் திறந்த மாதம்

மார்ச்சில் படகு ஓட ஆரம்பித்தது. ஆனால் காற்று அடங்கவில்லை. காக் மினாவின் கொடி வெறுமனே தொங்கியது. கண் பரிசோதனைக்கு நகரத்துக்கு வரும்போதெல்லாம் சுப்பையா அண்ணன் மாடி ஏறி வந்துவிடுவார். எழுத்துப் படிக்க முடியாமல் போனதால் என் குரல் பதிவைத்தான் வீட்டில் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்கிறாராம். குளுகுளு என்ற இடம் வந்தால் சிரிக்கிறாராம். நான் போனில் தீவின் படத்தைக் காட்டினால் மூக்கில் இடிக்கிற மாதிரி வைத்து, ஓரக்கண்ணால் சாய்த்துப் பார்ப்பார். தண்ணீர் என்ன நிறம் என்று கேட்பார். பச்சையும் நீலமும் கலந்திருக்கிறது என்பேன். தலையை ஆட்டிக்கொள்வார்.

மாதக் கடைசியில் காற்று குறைந்தது. முதல் பெட்ஷீட் படமும் வந்தது. உடனே அவர்களுக்கு இடம் போட்டேன். புறப்பட இருந்த வாரத்தில் கண்ணுக்குள் மறுபடி ரத்தம் கசிந்து, அறுவைச் சிகிச்சை பண்ண வேண்டியதாகிவிட்டது. குதித்துக் குதித்துப் போகிற வேகப்படகில் இப்போதைக்கு ஏறவே கூடாது, நான் சொல்லும்வரை காத்திருங்கள் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அந்த ஏப்ரல் மாதம் முழுக்கப் பெர்ஹெந்தியானில் வெயில் என்றால் அப்படி ஒரு வெயில். காக் மினா தினமும் படம் அனுப்பினார். எனக்கு அந்தப் படங்களைத் திறக்கவே பிடிக்கவில்லை.

பயணத்தைத் தள்ளிவைக்க இந்திரா அக்கா தனியாக வந்தார். ஜூன் எப்படி இருக்கும் என்று கேட்டார். ஜூனில் கடல் குளம் மாதிரி இருக்கும், கவலையே வேண்டாம் என்றேன். அவர் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு சுவரில் இருந்த படத்தைப் பார்த்தபடி சொன்னார்:

"கடலுக்கு ஜூன்ல எப்படி இருக்கும்னு சொல்லிட்டே. அவர் கண்ணுக்கு யாரும்மா சொல்வா?"

போனில் கேட்ட மழை

மே மாதத்தில் சுங்கை வே பக்கத்துத் தொழிற்சாலை ஒன்றின் விளையாட்டு மன்றத்தார் பங்கோருக்குப் போனார்கள். கடற்கரையில் கயிறு இழுக்கும் போட்டி, சாக்கு ஓட்டம், பரிசளிப்பு எல்லாம் திட்டம். விடியற்காலையில் அடிக்கும் காற்றுமழை பொதுவாகக் காலைச் சாப்பாட்டோடு ஓய்ந்துவிடும் என்று நான் சொல்லியிருந்தேன். பொதுவாக என்ற வார்த்தையை யாருமே காதில் வாங்குவதில்லை.

மத்தியானம் அவர்களுடைய செயலாளர் போன் பண்ணினார். என் ஜன்னலுக்கு வெளியே பிரிக்பீல்ட்ஸில் சுள்ளென்று வெயில், ரோட்டில் நடக்கிறவர்கள் குடை பிடித்துப் போகிறார்கள். அவர் வணக்கம்கூடச் சொல்லவில்லை. போனைக் கூரைக்கு வெளியே நீட்டிப் பிடித்திருக்கிறார் போலிருக்கிறது. தகரக் கூரையில் மழை கொட்டுகிற சத்தம் மட்டும் வந்துகொண்டே இருந்தது. நான் ஹலோ, ஹலோ என்று கூப்பிட்டேன். பிறகு அவர் குரல் வந்தது:

"கேக்குதா மழை அக்கா? இதுதான் நீங்க சொன்ன வெயிலு."

ஜூன் மாத வெயில்

டாக்டர் படகுக்கு அனுமதி கொடுத்ததும் இந்திரா அக்கா போன் பண்ணினார். ஜூனுக்கே போட்டுவிடு என்றார். அண்ணனுக்குப் பார்வை எப்படி இருக்கிறது என்று கேட்டேன். வெளிச்சமும் இருட்டும் தெரிகிறது, ஆள் தெரியவில்லை என்றார். பணத்தைத் திருப்பித் தந்துவிடட்டுமா என்று கேட்க வாயெடுத்தேன். அவர் முந்திக்கொண்டு, போகணும் என்கிறார், சட்டை எல்லாம் எடுத்து வைக்கச் சொல்லிவிட்டார் என்றார்.

வேறு யாருக்காகவும் நான் அப்படி வானிலை பார்த்ததில்லை. காலையில் ரயிலில், மத்தியானம் வாழை இலைச் சாப்பாட்டுக்கு முன்னால், வீட்டுக்குக் கிளம்புவதற்கு முன்னால் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். எந்தப் பக்கம் திருப்பினாலும் வெயில். உண்மையைச் சொல்கிறேன், மழை வந்தால் தேவலை என்று ஒரு கணம் தோன்றியது. மழையில் அந்தத் தீவில் ஒருவர் கண்ணுக்குமே ஒன்றும் தெரியாது, அவருக்கு மட்டும் போய்விட்டது என்று இருக்காது. அவர்கள் போய் இறங்கிய அன்று காக் மினாவின் படம் வந்தது. கொடி கொள்ளாமல் பெட்ஷீட், கண் கூசுகிற வெள்ளை, பின்னால் கடல் அப்படியே கண்ணாடியாகக் கிடந்தது. நான் கவுன்டரிலேயே தலையைக் கவிழ்த்துக்கொண்டேன். முதலாளி தலைவலியா என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

ஊர் திரும்பிய பிறகு ஒரு நாள் இருவரும் கடைக்கு வந்தார்கள். கெரோப்போக் என்ற மீன் அப்பளப் பொட்டலம் ஒன்று கொண்டுவந்திருந்தார்கள். அண்ணனின் முகமும் கையும் வெயிலில் நன்றாகக் கறுத்திருந்தன. இந்திரா அக்காதான் நிறையப் பேசினார். தீவு ஜெட்டியின் நுனியில் அவரைக் கொண்டுபோய் நிறுத்தி, கரை இந்தப் பக்கம் என்று அவர் கையைப் பிடித்து நீட்டிக் காட்டினாராம். என்ன தெரிகிறது என்று அண்ணன் கேட்டாராம். கோலா பெசுட் தெரிகிறது, ஜெட்டி தெரிகிறது, ஜெட்டியில் ஒரு நீல லோரி நிற்கிறது, சாமான் இறக்குகிறார்கள் என்று இவர் சொல்லிக்கொண்டே போனாராம். அவர் அசையாமல் நின்று எல்லாவற்றையும் கேட்டாராம். ரொம்ப நாளைக்குப் பிறகு அன்றைக்குத்தான் நன்றாகச் சாப்பிட்டார் என்று சொல்லிவிட்டு, இந்திரா அக்கா கீழே சேலைக் கடையில் ஒரு வேலை இருக்கிறது, இவரைக் கொஞ்சம் பார்த்துக்கொள் என்று இறங்கிப் போனார்.

நான் கோப்பி கலந்து அண்ணன் கையில் கொடுத்தேன். படகில் முக்கால் மணி நேரம் போகிற தூரம் அது. அங்கிருந்து பார்த்தால் கரை ஒரு பழுப்புக் கோடாகத்தான் இருக்கும். எனக்கே தெரிந்த விஷயம் ஜெட்டியிலேயே காலம் தள்ளிய அவருக்குத் தெரியாமல் இருக்குமா? படியில் இந்திரா அக்காவின் செருப்புச் சத்தம் கீழே போய்ச் சேரும்வரை அவர் காத்திருந்தார்.

"வெயில் நீ சொன்ன மாதிரியேதான் இருந்திச்சு தங்கச்சி, முகமெல்லாம் எரிஞ்சிச்சு. அவ்வளவு தூரத்துல லோரியெல்லாம் எந்தக் கண்ணுக்கும் தெரியாது. சொல்லட்டும்னு கேட்டுக்கிட்டு நின்னேன்."

மழைக்குத் திட்டு வாங்க எனக்குப் பழகிவிட்டது, சொன்னபடி வெயில் அடித்ததைத் தாங்கத்தான் இன்னும் பழகவில்லை.